மிஞ்சிப்போன சாம்பியன்கள்

ஜெர்சி வியாபாரத்துக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: நாம் எந்த நாட்டுச் சட்டைக்கு ஆர்டர் கொடுக்கிறோமோ அந்த நாடு தோற்கும். மளிகைக்கடைக்காரர் பங்குனியில் துவரம்பருப்பு வாங்கிப் போட்டால் ஆனியிலும் அது துவரம்பருப்பாகவே இருக்கும். நாம் பங்குனியில் சாம்பியனை வாங்கிப் போடுகிறோம், ஆனியில் அது வெறும் துணியாகிவிடுகிறது. போன சீசனில் ஓடியதை நம்பி இந்த சீசனில் கையைச் சுட்டுக்கொண்ட கடைக்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மெயின் பஜாரில் என் கடை. போர்டில் 'அமுதா ஸ்போர்ட்ஸ்' என்று இருக்கும். அமுதா நான்தான். என் வீட்டுக்காரர் கொளஞ்சி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. அவர் பர்மனென்ட் ஆகும் வரைக்கும் கைக்கு உதவட்டும் என்று தொடங்கிய கடை. கடையும் இருக்கிறது, கான்ட்ராக்டும் இருக்கிறது. ஊரில் நான் கொளஞ்சி பொண்டாட்டி, சொந்தக்காரர் வீட்டில் சின்ன மருமக. என் பெயரைச் சொல்லி நாலு பேர் கூப்பிடுகிற இடம் அந்தக் கடை ஒன்றுதான். அதனால் அந்த போர்டு என்றால் எனக்கு உயிர். தினமும் ஈரத்துணியால் துடைப்பேன்.

ஆத்தாவுக்குப் போன பிரேசில்

2010இல் என் முதல் உலகக் கோப்பை. கால்பந்தைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அதைக் காலால் உதைப்பார்கள் என்பது மட்டும்தான். எந்த நாட்டுச் சட்டை வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் பிரேசில் என்றார்கள். ஐந்து முறை கோப்பை வாங்கிய நாடாம். அவர்களுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று திருப்பூருக்குப் பெரிய ஆர்டராகக் கொடுத்தேன். காலிறுதியில் தோற்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் கடை வாசலில் ஈ காக்கை இல்லை. ஒரு பெரிய மூட்டை வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

ஆடி பிறந்தது. திருவதிகைப் பக்கத்திலிருந்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குழுவினர் மஞ்சள் சட்டை தேடி பஜாருக்கு வந்தார்கள். மாதிரிக்கு மாட்டியிருந்த பிரேசில் அவர்கள் கண்ணில் பட்டது. மொத்தமும் வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு உறுத்தியது. ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் பெரிதாகப் பத்து என்று நம்பர் அடித்திருக்கிறது, சாமி காரியத்துக்குச் சரிப்படுமா என்று கேட்டேன். குழுத் தலைவர் ரெண்டு சட்டையை விரித்து முதுகைத் திருப்பிப் பார்த்தார். "இருக்கட்டும்க்கா. எல்லாருக்கும் ஒரே நம்பரு. ஆத்தா முன்னாடி அப்பிடித்தான இருக்கணும்?"

மெஷின் குடுத்த ஊரு

என் கடையில் ஒரு ஸ்டூல் உண்டு. அது ராமலிங்கம் அண்ணனுடையது. சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சதச் சக்கர மெஷினை ஓட்டி ரிட்டையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் வீடு கட்டிப் போய்விட்டாலும், காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்டூலுக்கு வந்துவிடுவார். எதுவும் வாங்க மாட்டார். வாங்க வருகிறவர்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுப்பார்.

அவர் ஜெர்மனி கட்சி. காரணம் ஆட்டம் இல்லை. அவர் ஓட்டிய மெஷின் ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்த நன்றியை அவர் பந்து வரைக்கும் கொண்டுபோய்விட்டார். ஜெர்மனி ஜெயித்தால் மெஷின் நன்றாக ஓடுகிறது என்பார், தோற்றால் கிரீஸ் வைக்கவில்லை என்பார். 2010இல் ஸ்பெயின் அரையிறுதியில் ஜெர்மனியைத் தோற்கடித்துக் கோப்பையையும் வாங்கியது. வாடிக்கையாளர் ஒருவர் ஸ்பெயினை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தார். அண்ணன் முழுதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நல்லாத்தான் ஆடறான், இல்லேங்கல. ஆனா ஸ்பெயின்லேருந்து இந்த ஊருக்கு ஒரு மம்புட்டியாவது வந்திருக்குதா?"

ஸ்பெயின் பர்மனென்ட் ஆன கதை

2014க்கு நான் புத்திசாலியாகிவிட்டேன். பழம்பெருமை வேண்டாம், இப்போதைய சாம்பியனை வாங்குவோம் என்று ஸ்பெயின் சட்டைக்கு ஆர்டர் கொடுத்தேன். சிவப்புச் சிவப்பாக வந்து இறங்கியது. முதல் ரெண்டு ஆட்டத்திலேயே ஸ்பெயின் கதை முடிந்தது. நான் பில் புத்தகத்தைக்கூட அப்போதுதான் பிரித்திருந்தேன்.

அன்று கொளஞ்சி ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். வீட்டுக்குப் போகவேண்டிய மூட்டையைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல். "ஏன் தோத்தான் தெரியுமா? நாலு வருஷத்துக்கு முன்னாடி ஜெயிச்ச அதே ஆளுங்கள வச்சிகினு ஆடறான். எல்லாரும் பர்மனென்ட் ஆயிட்டானுவ. பர்மனென்ட் ஆனவன் எங்க ஓடுவான்?" என்றார். ஸ்டூலில் இருந்த ராமலிங்கம் அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவர் முப்பது வருஷம் பர்மனென்டாக இருந்தவர். "நான் ஓடலியா? கான்ட்ராக்ட்காரன் ஓடறது பயத்துல தம்பி. பயத்துல ஓடறவன் ஒரு மேட்சு ஜெயிப்பான், கப்பு ஜெயிக்க மாட்டான்" என்றார்.

கொளஞ்சி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது. அந்தச் சிவப்பு மூட்டை அடுத்த மே தின ஊர்வலம் வரை கட்டிலுக்கு அடியில் கிடந்து, பிறகு ஒரு தொழிற்சங்கத்துக்காரர்கள் கைக்குப் போய் கொடிக்குப் பொருத்தமாக நடந்தது. மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த கொளஞ்சி கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொரு வாட்டியும் சாமியும் சங்கமும் வந்து காப்பாத்தாது அமுதா. மூணாவது மூட்டையும் வூட்டுக்கு வந்துதுன்னா போர்டைக் கழட்டிடலாம்."

சாயம்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். மகனுக்கு எது வாங்கினாலும் ரெண்டு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார். 2010இல் இத்தாலி சட்டை வாங்கினார். அப்போது அதுதான் சாம்பியன். முதல் சுற்றிலேயே வெளியே போனது. மகன் சட்டைக்குள் தொளதொள என்று இருந்ததால், பரவாயில்லை, அடுத்ததுக்குச் சரியாக இருக்கும் என்று சமாதானப்பட்டார். 2014இல் சட்டை அளவாக இருந்தது. இத்தாலி மறுபடியும் முதல் சுற்றோடு சரி. 2018இல் இத்தாலி போட்டிக்கே தகுதி பெறவில்லை.

அந்த வருஷம் அவர் வேறு ஏதோ நாட்டுச் சட்டை பார்க்க வந்தார். பழையது கிழிந்துவிட்டதா என்று கேட்டேன். "கிழியவே இல்லம்மா, அப்பிடியே இருக்குது. சட்டைக்குச் சாயம் போவல, டீமுக்குத்தான் சாயம் வெளுத்துப் போச்சி."

இந்தியா சட்டை

ஒரு விளையாட்டு ஆசிரியர் வந்து இந்தியா ஜெர்சி கேட்டார். எடுத்து வைத்தேன். இது கிரிக்கெட், கால்பந்து வேண்டும் என்றார். அப்படி ஒன்று வருகிறதா என்றே எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் ஆசியாவில் நாம்தான் கெட்டி, மற்றவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்தார்கள் என்று சொன்னார். நான் நம்பாமல் ராமலிங்கம் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். ஆசிரியர் பெருமூச்சுவிட்டு ஒரு விசில் மட்டும் வாங்கிக்கொண்டார். "பிரேசில் தோத்தா ஊரே அழுவுது. நம்ம எறங்கினது யாருக்குமே தெரியல பாருங்க, அவ்ளோ அமைதியா எறங்கியிருக்கோம்."

மேல்மண்

2018 பங்குனியில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன தடவை ஜெயித்தது ஜெர்மனி. ராமலிங்கம் அண்ணன் ஜெர்மனிதான், சந்தேகமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்: ஜெயிக்கிற நாடெல்லாம் ஏன் அண்ணே கவிழ்ந்து போகிறது?

அவர் சுரங்கக் கதைதான் சொன்னார். கரி சும்மா கிடைக்காது. மேலே மலை மாதிரி மண் இருக்கும். அதை வருஷக்கணக்காக வெட்டி அப்புறப்படுத்தினால்தான் கரி கண்ணில் படும். கரி தெரிந்ததும் சந்தோஷத்தில் அதை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால், ஒருநாள் கரி தீர்ந்து எதிரே மண் சுவர் நிற்கும். அப்போது அழுது பிரயோஜனம் இல்லை. ஜெர்மனி ஒரு சமயம் அடிவாங்கியபோது ஊர் ஊராகச் சின்னப் பிள்ளைகளைப் பிடித்துப் பழக்கினார்கள், அதுதான் மேல்மண் எடுத்தது, 2014இல் வெட்டியது கரி என்றார். இப்போது யார் மேல்மண் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். மனசே இல்லாமல் சொன்னார்: "பிரான்ஸ்காரன் சின்ன வயசுப் பசங்களா எறக்கிகினு இருக்கான்." உடனே அவருக்குப் பயம் வந்துவிட்டது. "அதுக்காக ஜெர்மனிய உட்டுடாதம்மா!"

விட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, பழைய வெற்றியை நம்பாமல் பிரான்ஸுக்கு ஆர்டர் கொடுத்தேன். ஜெர்மனி கடைசி ஆட்டத்தில் கொரியாவிடம் தோற்று முதல் சுற்றிலேயே வெளியே போனதை கடை டிவியில் சேர்ந்துதான் பார்த்தோம். அண்ணன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சோடா வாங்கி வந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் காலி பாட்டிலைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னார்: "மெஷின் மேல தப்பில்லம்மா. ஆப்பரேட்டர் சரியில்ல."

ஜெயித்த மூட்டை

பிரான்ஸ் ஜெயித்தது! இறுதிப் போட்டி முடிந்ததும் நான் வீட்டில் குதித்த குதியில் கொளஞ்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் சீக்கிரமே போய்க் கடையைத் திறந்து, வாசலில் நீலமாகத் தோரணம் கட்டின மாதிரி சட்டைகளை மாட்டினேன்.

ஒருவரும் எடுக்கவில்லை. வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், அர்ஜென்டினா இருக்கிறதா என்று கேட்டார்கள். அது எப்போதோ தோற்றுப்போய்விட்டதே, ஜெயித்த நாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று ஒருவரிடம் வாய்விட்டே கேட்டேன். அர்ஜென்டினாவை வெளியே அனுப்பியதே பிரான்ஸ்தான் என்பது அப்போது என் ஞாபகத்தில் இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்காளை அழவெச்சவன் சட்டைய நான் காசு குடுத்து வாங்கணுமாக்கா?"

சேவல்

மூன்றாவது மூட்டையும் வீட்டுக்கு வந்தது. கொளஞ்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சித்திரையோடு கடை வாடகை ஒப்பந்தம் முடிகிறது, அதோடு விட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றேன். கடைக்குப் போய் போர்டைத் துடைத்தேன். அன்றைக்கு அழுதுகொண்டேதான் துடைத்தேன். ராமலிங்கம் அண்ணன் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் பிறந்ததும் குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து ஆறேழு பெண்கள் வந்தார்கள். அவர்கள் ஊர்க் கால்பந்து டீம். சட்டமேதை பிறந்தநாளான ஏப்ரல் பதினாலு அவர்கள் ஊரில் பொங்கலைவிடப் பெரிய நாள். அன்று ஊர்வலமும் டோர்னமென்ட்டும் உண்டு, அதற்கு நீலச் சட்டை வேண்டும், வேறு கலர் ஆகாது என்றார்கள். உடனே மூட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கொளஞ்சிக்குப் போன் போட்டேன். தங்களுக்குப் போக மீதியை ஊர்வலத்துக்கு என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் முதுகில் கடை பெயரைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள்.

ஒரு சிக்கல்தான். பிரான்ஸ் சட்டையில் நெஞ்சுப் பக்கம் சேவல் படம் இருக்கும். பரவாயில்லையா என்று அவர்கள் கேப்டன் சங்கீதாவிடம் கேட்டேன். அந்தப் பெண் சேவலை விரலால் சுண்டிவிட்டுச் சிரித்தது. "அதும் மேல எதுனா ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிடுங்கக்கா. கூவப் போறது நாங்கதான?"

போர்டு

டோர்னமென்ட் பார்க்க நாங்கள் மூன்று பேரும் போனோம். கொளஞ்சி அன்று ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானம் என்று தனியாக ஒன்றும் இல்லை, முந்திரித் தோப்பை ஒட்டின பொட்டல்தான். சங்கீதா டீம் முதல் ஆட்டத்தில் ஜெயித்து, அடுத்ததில் தோற்றது. ராமலிங்கம் அண்ணன் அவர்களைக் கூப்பிட்டு மேல்மண்ணைப் பற்றி ஆரம்பித்தார். அவர்கள் ஐஸ் வாங்கப் போய்விட்டார்கள்.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அமுதா ஸ்போர்ட்ஸ்' ஓடியது, விழுந்தது, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் விளிம்பில் நின்று, "அமுதா, பந்தை வுடாத! ஓடு அமுதா!" என்று தெரியாத பெண்களையெல்லாம் என் பெயர் சொல்லிக் கத்தினார்கள். கொளஞ்சியின் தோளைத் தொட்டு, சித்திரை வந்துவிட்டது, போர்டை எப்போது கழட்டலாம் என்று கேட்டேன். அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒரே எடத்துல தொங்கிகினு இருந்தா கழட்டலாம். இப்பிடி ஓடிகினு இருந்தா எவன் புடிக்கறது?"

நாடுகள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன என்று மூன்று உலகக் கோப்பைகளாக விசாரித்ததில், ஜெயித்தாலும் தோற்றாலும் சட்டை என் கட்டிலுக்கு அடியில்தான் வந்து மிஞ்சும் என்பதையும், நெய்வேலியைச் சுற்றி அந்தக் கலரில் ஒரு திருவிழா எப்படியும் இருக்கும் என்பதையும் தவிர வேறொன்றும் எனக்குப் பிடிபடவில்லை.