தட்டை விடாத மூர்வெத்

இஸ்தான்புல்லில் எடுக்கிற குடும்பத் தொடர் எதையாவது பார்த்திருந்தால் மூர்வெத்தின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். முகம் நினைவிருக்காது. கடலோர மாளிகையில் முதலாளியம்மா ஒரு ரகசியத்தைப் போட்டு உடைப்பார். கதவுக்கு வெளியே வேலைக்காரி அதைக் கேட்பாள். தேநீர்த் தட்டு கைநழுவி விழும். பிறகு ஒவ்வொரு முகமாக அதிர்ச்சியைக் காட்டி, வயலினை அழவிட்டு, விளம்பரத்துக்குப் போவார்கள். அந்த வேலைக்காரி எப்போதும் மூர்வெத்தான். உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுவது நான்; அரங்கப் பொருள்கள் என் பொறுப்பு. அவளைப் போலத் தட்டை விட இந்த ஊரில் வேறு ஆளில்லை என்று சத்தியம் செய்வேன்.

போன குளிர்காலத்தில் ஓனாட் என்று ஒரு புது இயக்குநர் வந்தார். அன்றைய ரகசியம் பெரியது. மாளிகையின் வாரிசாக வளர்ந்த செர்ஹான் முதலாளியம்மாவின் மகனே அல்ல. செத்துப் பிறந்தது என்று சொல்லி, மூர்வெத் நடிக்கிற அந்த வேலைக்காரியிடமிருந்து பறித்த பிள்ளை. குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்க, அவன் எதிரிலேயே அது வெளியே வர வேண்டும்.

"அக்கா, தட்டு விழ வேண்டாம். அரதப் பழசு. கேட்டுட்டு அப்படியே போயிடுங்க," என்றார் ஓனாட்.

"போயிட்டா எடிட்டிங்ல என்னைத் தூக்கிடுவாங்க தம்பி. தட்டு விழுந்தாத்தான் அடுத்த வாரமும் நான் இருப்பேன்."

"விழக் கூடாதுக்கா. அவ்வளவுதான்."

அவள் பிழைப்பே அந்த ஒரு சத்தத்தில்தான் இருக்கிறது என்று இந்த மனிதருக்கு யார் சொல்வது? மூர்வெத் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "விழக் கூடாதுன்னா விழாது" என்றாள்.

கேமரா ஓடியது. ரகசியம் வெளியே வந்தது. தட்டு அசையவில்லை. திரும்பிப் போக வேண்டியவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள். நீட்டிய தேநீரை மறுத்து எங்கள் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. பெரிய பெரிய நடிகர்கள்கூடத் தங்களை அறியாமல் ஆளுக்கொரு கிளாஸை எடுத்துக்கொண்டார்கள். செர்ஹானை மட்டும் அவள் எடுக்கவிடவில்லை. சர்க்கரை போட்டாள், கலக்கினாள், கிளாஸைத் தொட்டுச் சூடு பார்த்தாள், அதன் பிறகே அவன் கையில் வைத்தாள். முதலாளியம்மாவாக நடித்தவர் வசனத்தை விட்டுவிட்டுத் தன் கிளாஸைக் கீழே வைத்தார்.

வயலின் இல்லை, விழுந்து உடைகிற சத்தம் இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஓனாட் "கட்" சொல்ல மறந்து நின்றார். ஒருவழியாகச் சொல்லிவிட்டு, "அக்கா, அடுத்த வாரம்..." என்று இழுத்தார்.

"அடுத்த வாரம் நான் சோபாவுல உட்காருறேன் தம்பி," என்றாள் மூர்வெத். "டீ கொண்டுவர வேற ஆளைப் பாருங்க. பெத்தவ நானு."