ஜெரோடிச்சின் நான்காவது மொழி

எங்கள் அலுவலகத்தில் ஜெரோடிச் அக்காவைப் பார்த்தால் யாரும் நலம் விசாரிப்பதில்லை. எடை ஏன் ஏறவில்லை என்றுதான் கேட்பார்கள். கென்யாவின் நாண்டி மலையில் விவசாயிகள் ஊற்றுகிற பாலின் எடையைக் கைபேசியில் பதிகிற மென்பொருள் அவள் எழுதியது. அந்த ஒன்றையே மூன்று முறை எழுதிவிட்டாள். முதலில் பிஎச்பி, பிறகு ஜாவா, பிறகு பைத்தான். மேலாளர் மாறினால் கணினி மொழியும் மாறும். வருகிறவனுக்கெல்லாம் சுவரை இடித்துக் கட்டினால்தான் தூக்கம் வரும்.

எது கெட்டாலும் அழைப்பு அவளுக்குத்தான். அவள் தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் பெண்ணுக்கு எத்தனை மாடு தருவது என்று பேரம் பேசிக்கொண்டிருக்க, இவள் கொட்டகைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

புது மேலாளர் ஒமாரிபா இரண்டு வழி சொன்னான். பால் பண்ணைகளுக்கென்றே செய்த ஆயத்த மென்பொருளை வாங்கலாம். அல்லது ரஸ்ட் மொழியில் நாமே புதிதாக எழுதலாம்.

“வாங்கிடலாம் பாஸ்,” என்றாள் அக்கா. “கெட்டுப்போனா அவங்களுக்குப் போன் அடிக்கட்டும். நான் ஒரு வேளையாவது நிம்மதியா உகாலிக் களி சாப்பிடணும்.”

“உகாலி கிண்டவும் ஒரு மென்பொருள் வாங்கிடலாம் அக்கா,” என்றேன். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

இங்கே நைரோபியில், ங்கோங் சாலை அலுவலகத்து வைஃபையில், ஆயத்த மென்பொருள் அழகாக ஓடியது. திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவானது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அங்கேயும் ஓடுமா என்று பார்க்க, என்னையும் இழுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

பால் லாரி நிற்கிற பள்ளத்தில் சிக்னல் கிடையாது. எங்களுடையது எடையைக் கைபேசியிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். புதியது சிக்னல் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு ஒரு பெண் ஊற்றிய பாலின் எடையை அப்படியே அழித்துவிட்டது.

திரும்புகையில் மடாட்டு வேனில் சொன்னேன்: “நாம மலைக்கு வந்ததே யாருக்கும் தெரியாது அக்கா. பேசாம விட்டுடு. உனக்கு விடுதலை.”

“எனக்கும் அப்படித்தான்டா இருக்கு,” என்றாள். “எடை இல்லேன்னா காசு இல்ல. அந்தம்மா என்னடா பண்ணுவா?”

திங்கட்கிழமை மலையில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். ஒமாரிபாவுக்குச் சந்தோஷம்.

“நல்லவேளை சொன்னீங்க. அப்ப ரஸ்ட்லயே எழுதிடுவோம். நீங்கதான் தலைமை. பால் விஷயம் உங்கள விட்டா யாருக்குத் தெரியும்?”

“எனக்கு ரஸ்ட் தெரியாது பாஸ்.”

“கத்துக்கிட்டா போச்சு.”

அக்கா இடத்துக்கு வந்து முதல் பாடத்தைத் திறந்தாள். எந்தக் கணினி மொழியிலும் முதல் பாடம் ஒன்றுதான்: உலகத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டும். சொன்னாள். திரையில் வணக்கம் வந்ததும் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.