பிணம் சிரித்த படம்

வியாகுலம் பாயில் மல்லாந்ததும் முதல் வேலையாகக் கூரையைப் பார்த்து, மிச்சமிருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பிறகுதான் தூக்கம். பாம்பன் கரையில் வலைக்குவியல் மேல் சாய்ந்தாலும் அப்படித்தான். ஒருமுறை ஸ்கேன் எடுக்கப் படுக்கவைத்தபோதும் இளித்தார். நர்ஸம்மா பயந்து டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

கல்யாணமான புதிதிலிருந்து மனைவி யாகப்பம்மாளுக்கு இதில் வயிற்றெரிச்சல். "எவள நெனச்சு இப்பிடி இளிக்கிறீக?" என்பார். "வாயுத் தொல்ல புள்ள" என்பார் நம் நண்டு வியாபாரி. கடலையே விற்றுவிட்டு வருகிற வாய்க்கு, வீட்டில் ஒரு பொய் உருப்படியாக வராது.

சங்கதி வேறு. அவர் புதுமாப்பிள்ளையாக இருந்தபோது மெட்ராஸ் கூட்டம் ஒன்று தனுஷ்கோடி மணலில் 'குழி இல்லாதவன்' என்று படம் எடுத்தது. மதம் விட்டு மதம் கட்டிய மீனவன் செத்துப்போகிறான். கல்லறையிலும் இடமில்லை, சுடுகாட்டிலும் இடமில்லை. படம் முழுக்கப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அந்தப் பிணம்தான் வியாகுலம்! வீட்டில் சொன்னதோ, "சினிமாவுக்குப் படகு ஓட்டப் போறேன்." தாலி கட்டின கையோடு புருஷன் பிணமாகப் படுத்தான் என்று தெரிந்தால், யாகப்பம்மாள் மூக்கையூர் அம்மா வீட்டுக்குப் போனவர் போனவர்தான். அந்தப் பயம் அவருக்கு இன்றுவரை தீரவில்லை.

பிணமாக நடித்தவன் எழுந்திருக்கும் முன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், அப்போதுதான் தோஷம் கழியும் என்பது சினிமாக்காரர் வழக்கம். இவரும் சிரித்தார். அதை வெட்ட மறந்து, படத்தின் கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள். "உயிர்த்த ஆண்டவரக் கேலி பண்றாய்ங்கடா!" என்று கரையே கொதித்தது. ராமநாதபுரத்தில் ஒரே காட்சியோடு படப்பெட்டி திரும்பியது. பார்த்துக் கொதித்தவர்களைவிடக் கேட்டுக் கொதித்தவர்களே அதிகம் என்பதால், பிணம் யாரென்பது யாகப்பம்மாள் காதுக்கு எட்டவில்லை. தோஷம் முழுசாகக் கழிந்ததோ என்னவோ, எதற்கும் இருக்கட்டும் என்று வியாகுலம் படுக்கும்போதெல்லாம் சிரித்துவைக்கிறார்.

இப்போது எவனோ அந்தப் படத்தைத் தோண்டியெடுத்து யூடியூபில் போட்டுவிட்டான். 'மதங்களை எள்ளிய மகத்தான சிரிப்பு' என்று பொடியன்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மகன் கிளாட்சனுக்குக் கை சும்மா இருக்குமா? ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் டிவியில் போட்டு, "அம்மா, அய்யா நடிச்ச படம்!" என்று தாயை உட்காரவைத்துவிட்டான். ஓடிவிடலாமென்று வியாகுலம் செருப்பைத் தேடினார். ஒற்றைச் செருப்புதான் அகப்பட்டது.

மாலையும் கழுத்துமாகப் புருஷன் கிடப்பதைக் கண்டு, "ஏசுவே!" என்று யாகப்பம்மாள் நெஞ்சில் கைவைத்தார். கடைசியில் பிணம் சிரித்தது.

"ஏன் சிரிச்சீக?"

"சிரிக்காட்டி நெசமாவே போயிருவேன்னு சொன்னாங்க. ஒன்னிய விட்டுட்டுப் போக மனசு வருமா? அதான் அன்னையில இருந்து, படுத்தாலே..."

"அப்ப எவளும் இல்லியா?"

"நண்டு நாத்தத்துக்கு எவ வருவா?"

அப்புறம் விழுந்தது பாருங்கள் வசவு! ஏழு தலைமுறையும் எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போயிற்று. "எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்தவர், அடுப்பில் குழம்பு பொங்கவே பையை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

வயிறு நிறைய வசவும் சோறும் வாங்கிக்கொண்ட வியாகுலம் பாயில் சாய்ந்தார். இத்தனை வருஷத்துப் பாரம் இறங்கிய சுகத்தில், சிரிக்க மறந்து தூங்கியே போனார்.

பாத்திரம் கழுவிவிட்டு வந்த யாகப்பம்மாள் சிரிப்பில்லாத அந்த முகத்தைப் பார்த்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். குனிந்து, இரண்டு விரலால் அவருடைய உதட்டு ஓரங்களைப் பிடித்துக் காதுவரைக்கும் இழுத்தார்.