மயில் கலர் போர்வை

பெரம்பலூர் துறைமங்கலத்தில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் வெற்றிச்செல்வி. அவள் கணவன் அறிவரசனுக்கு பைக் ஷோரூமில் வேலை. லீவு கிடைத்தால் போதும், கூட்டாளிகளோடு பச்சைமலைக்கு ஏறிவிடுவான். இரண்டு மரங்களுக்கு நடுவே நைலான் தூளியைக் கட்டி, அதில்தான் தூக்கம். ஒரு தை மாதக் காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து நின்றான்.

"கம்பளிய விரிச்சுத்தான் படுத்தேன் செல்வி. அப்பயும் குளிரு அடியிலேர்ந்துல்ல ஏறுது! முதுகு வெறச்சுப்போச்சு."

"நீங்க மேல படுத்தா கம்பளி நசுங்கிடும்ல? அப்பறம் எங்கேர்ந்து சூடு நிக்கும்? தூளிக்கு வெளிய, அடியில தொங்குற மாதிரி ஒரு போர்வை தெச்சுத் தரேன், இருங்க."

குடைத்துணி போல் காற்றுப் புகாத துணியும், தலையணைக்கு அடைக்கிற பாலியஸ்டர் பஞ்சும் வாங்கி வந்தாள். முதலில் தைத்தது வீண். நெருக்கமாகத் தையல் ஓட்டியதில் பஞ்சு அமுங்கி, தையல் போன இடமெல்லாம் குளிர் ஏறியதாம். பிரித்துவிட்டு, பஞ்சை உப்பலாகப் பரப்பி அங்கங்கே முடிச்சு மட்டும் போட்டாள். இரு முனையிலும் எலாஸ்டிக் கோத்துச் சுருக்கினாள். அடுத்த தடவை மலையிலிருந்து வந்தவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான்.

"எனக்கும் ஒண்ணு தெச்சுக்கட்டா? நானும் வரேனே."

"ஒனக்கு அந்தக் குளிரு ஆவாது புள்ள."

தன்மேல் எவ்வளவு கரிசனம் என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிப் பூரித்தாள்.

மறுவருஷம் கார்த்திகையில், ஷோரூம் ஆள் ஒருவருக்கும் அதேபோல் வேண்டும் என்றான். கொஞ்சம் குட்டையாக, மயில் கலரில். கணவன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போகிற பொருளாயிற்றே! முன்னதைவிடப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள்.

பொங்கல் கழிந்து, திருமானூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் மஞ்சு வந்தாள். வந்ததும் வராததுமாகக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, என்னால மறைக்க முடியல. அண்ணனோட மலைக்குப் போறவரு ஒருத்தரு அனுப்புனாரு, இதப் பாருங்க."

போனில் ஒரு படம். மரத்தடியில் அடுத்தடுத்து இரண்டு தூளிகள். ஒன்றில் அறிவரசன். மற்றதில் ஷோரூமில் பில் போடும் லாவண்யா. அவள் தூளிக்கு அடியில் மயில் கலர் போர்வை இடைவெளியில்லாமல் கச்சிதமாக ஒட்டியிருந்தது. செல்வியின் கண் முதலில் அங்கேதான் போயிற்று. பிறகுதான் கோத்திருந்த கைகளைப் பார்த்தாள்.

சாயங்காலம் அவன் வந்தபோது அவள் சத்தம் போடவில்லை.

"கடையில வாங்கிக் குடுத்திருக்கக் கூடாதாங்க? என் கையாலயா தெக்க வெச்சீங்க?"

அந்த மாதமே அவன் லாவண்யாவோடு திருச்சிக்குப் போய்விட்டான்.

துணிமணி எடுக்க ஒருமுறை வந்தான். பரணிலிருந்து தன் போர்வையை இறக்கிக்கொண்டு வாசல்வரை போனவன் நின்றான்.

"இத எப்படித் தொவைக்கிறது?"

"அலசி நெழல்ல போடுங்க. முறுக்கிப் பிழிஞ்சிடாதீங்க."

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அவன் போனபின், எதற்குச் சொன்னோம் என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதாள்.

ரவிக்கைத் தையல் நிற்கவில்லை. மலைக்குப் போகிற பையன்கள் யாராவது விசாரித்து வந்து போர்வை கேட்டால் மட்டும் மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "அதெல்லாம் எனக்குத் தெக்க வராதுப்பா."