அம்மாவின் வாயைச் சுற்றிய சிவப்பு வட்டம்

அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொங்கும். அதைச் செய்தவன் எதிரே வந்தால் ஓர் அறை விடாமல் போகமாட்டேன். அவனை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான்தான் என்பதால் எனக்கும் இரண்டு அறை உண்டு.

அம்மா எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலையில் விட்டுப் போகும் கைக்குழந்தைகளை அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை. வருடக்கணக்காகக் கூடை சுமந்து இடுப்பு ஒடிந்த பிறகு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. பதினான்கு பிள்ளைகள். யாருக்குப் பல் முளைத்தது, யாருக்கு வயிறு சரியில்லை என்று வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். சாப்பிட்டாயா என்று எங்களைக் கேட்கவே மறந்துபோவாள்.

மடுவத்தின் கூரைத் தகரம் முழுக்க ஓட்டை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மழையைச் சொல்லவே வேண்டாம். தொட்டில்களை அவிழ்த்து மூலைக்கு மூலை மாற்றிக் கட்டுவதிலேயே அம்மாவின் பாதி நாள் போகும். தோட்டத்தை நடத்தும் துரையிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

இரண்டாயிரம் பிறந்து பத்துப் பன்னிரண்டு வருடமான காலம். நான் ஹட்டன் டவுனில் தங்கி ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். போட்டோ பிரதி எடுக்கவும் வெளிநாட்டுக்குப் பேசவும் ஆட்கள் வருவார்கள். கடைக் கொம்பியூட்டரில் இன்டர்நெட் இருந்தது. தோட்டத்துக் குறைகளை வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிற கொழும்புக்காரன் ஒருவன் அங்கே அடிக்கடி வருவான். “எங்க புள்ள மடுவத்தையும் வந்து எடுங்களேன்” என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெற்றிலையைத் துப்பச் சொன்னேன். “போடி, வெத்தல இல்லாம எனக்குப் பேச்சே வராது” என்றாள். பத்து நிமிடம் தகரத்தைப் பற்றி அழகாகப் பேசினாள். நடுவில் ஒரு பிள்ளை தவழ்ந்து வந்து மைக் வயரைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, வாய் நிறையச் சிவப்போடு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, “அக்கா, போட்டாச்சு, பாருங்க” என்று அவனிடமிருந்து கடைக்குப் போன் வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். வீடியோவைப் பார்க்க ஆட்களை இழுப்பதற்கென்று சமூக வலைத்தளத்தில் ஒரு படத்தைச் செய்து போட்டிருந்தான். அம்மாவின் முகம் மட்டும். அந்தச் சிரிப்பு. முகத்தைக் கறுப்பாக்கி, வாய்ச் சிவப்பை இன்னும் சிவப்பாக்கி, வாயைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. மேலே கொட்டை எழுத்தில்: ‘இரத்தம் கக்கும் தோட்டத்து ஆயா! கடைசிவரை பாருங்கள்.’

“அடப்பாவி, அது வெத்தலடா!” என்று அவனைத் திரும்பக் கூப்பிட்டுப் போனில் கத்தினேன்.

“தெரியும் அக்கா. கூரைத் தகரம்னு போட்டா யாரு பார்ப்பா? படத்தப் பார்த்துத்தான் கிளிக் பண்றாங்க. உள்ள அம்மா பேசினது அப்பிடியேதானே இருக்கு?”

படத்தை எடுத்துவிடச் சொன்னேன். நன்றாக ஓடுகிறதாம், இப்போது எடுத்தால் எல்லாம் வீணாகிவிடுமாம்.

உள்ளே அப்படியேதான் இருந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தது யார்? கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு வந்தபோது அந்தப் படமும் போனில் ஏறி வந்தது. தோட்டத்துச் சிக்னலுக்கு வீடியோ ஓடாது, சுற்றிக்கொண்டே நிற்கும். படம் மட்டும் பளிச்சென்று தெரியும். போன் லயம் லயமாக, வீட்டுக்கு வீடு கைமாறியது.

தீபாவளி முடிந்து வேலை தொடங்கிய அன்று மடுவத்துக்கு வந்தவை நான்கு பிள்ளைகள். மறுநாள் ஒன்று. ஆயாவுக்குக் காசநோயாம். சொன்னவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? அம்மாவின் மடியிலிருந்தே வெற்றிலை எடுத்துப் போட்டவர்கள்! எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவளிடம் நேராகவே சண்டைக்குப் போனேன்.

“கோவிச்சுக்காத. சும்மாவா வட்டம் போட்டுக் காட்டுவாங்க?” என்றாள்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சளியைச் சோதித்தோம். ஒன்றுமில்லை என்று காகிதம் கொடுத்தார்கள். வீடியோவைச் சீடியில் ஏற்றி வந்து லயத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டேன். பிள்ளை வயரைக் கடித்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். “அட, இதுதானா!” என்றார்கள். மறுநாளும் ஒரு பிள்ளைகூட வரவில்லை. எதற்கும் பயமாக இருக்கிறதாம். துரை வேறொருத்தியை ஆயாவாகப் போட்டார். அம்மா திரும்பவும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

அடுத்த மழைக்கு முன் புதுத் தகரம் வந்தது. வீடியோவைப் பார்த்த யாரோ வெளிநாட்டிலிருந்து உதவினார்களாம். “பார்த்தீங்களா அக்கா, படம் வேலை செஞ்சிருச்சு” என்று அவன் கடைக்குப் போன் எடுத்தான். நாசமாய்ப் போகிறவனே என்று தொடங்கி எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் கொட்டினேன். கடைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

லீவில் வந்திருந்த ஒருநாள், வேலை முடிந்து வந்த அம்மாவோடு மடுவத்தைத் தாண்டி நடந்தேன். வயரைக் கடித்த பிள்ளை இப்போது நடக்கத் தொடங்கியிருந்தது. அம்மாவைக் கண்டதும் “ஆயா” என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாதையின் மறுபக்கத்துக்கு விலகினாள்.

“வராத சாமி, உள்ள போ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒனக்குத்தான் ஒரு நோயுமில்லையேம்மா! தூக்கேன்!” என்று கத்தினேன்.

“சத்தம் போடாதடி” என்றாள் அம்மா. “எங்கிட்ட வந்தான்னு தெரிஞ்சா அவனப் போட்டு அடிப்பாங்க.”