ஒரு கப்புக்காகத் திருச்சுழி வரை

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் தாங்கள் சறுக்கிய இடத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நான் சறுக்கிய இடமும் இதில் வரும். எங்கள் பள்ளி வலைப்பூவைப் படித்துவிட்டு அடுத்த வருடம் திருச்சுழி வினாடி வினாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு, பஸ் நேரத்தைவிட அது கூடுதலாக உதவலாம்.

முதலில் எதற்காகப் போனோம் என்பது. நான் அருப்புக்கோட்டையில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளி மைதானம் மாலை நேரத்தில் பையன்களுடையது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இருக்கும் மீதி இடத்தில் பெண்பிள்ளைகள் நாங்கள் ரிங்பால் ஆடலாம். நம் நாட்டுப் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றதிலிருந்து எங்களில் சிலருக்குக் கிரிக்கெட் ஆட வேண்டும் என்று ஆசை. தலைமையாசிரியை அம்மாவிடம் போய்க் கேட்டோம். "கிரிக்கெட்டுல ஒரு கப்பு கொண்டாங்க. பெறகு கிரவுண்டைப் பத்திப் பேசுவோம்" என்றார்.

மைதானம் இருந்தால்தானே ஆட முடியும், ஆடினால்தானே கப்பு வரும்? ஒரு வாரம் யோசித்தோம். அப்போதுதான் திருச்சுழியில் ஓர் இளைஞர் மன்றம் நடத்தும் வினாடி வினாவின் நோட்டீஸ் வந்தது. தலைப்பு: உலக விளையாட்டுப் போட்டிகளும் கிரிக்கெட் வரலாறும். முதல் பரிசு கப்பு. என் தோழி சபீனா அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய், "இதுவும் கிரிக்கெட்டுல கப்புதானே மிஸ்?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "சரி, கொண்டாங்க" என்றார். சிரித்தாலும் சொன்னது சொன்னதுதான்.

ஓர் அணிக்கு இரண்டு பேர். சபீனாவும் நானும். துணைக்கு எங்கள் பி.டி. ஆசிரியை விமலா மிஸ். சனிக்கிழமை காலை 7.50க்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சேர்ந்தோம். 8.15க்கு டவுன் பஸ் வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மூன்று பேருக்கும் செலவு பூஜ்யம். ரூட் பஸ்ஸில் ஏறினால் காசு கொடுக்க வேண்டும், பார்த்து ஏறுங்கள். மிஸ்ஸுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியவர், இறங்கும்போதுதான் திறந்தார்.

எங்கள் கையில் நோட்டைப் பார்த்த கண்டக்டர் விசாரித்தார்.

"எங்கம்மா, லீவு நாள்ல நோட்டும் கையுமா?"

"கிரிக்கெட் போட்டிக்குண்ணே" என்றாள் சபீனா.

"மட்டையக் காணோம்?"

"வெளாட இல்லண்ணே, பதில் சொல்ல."

"பதில் சொன்னா ரன்னு குடுப்பாகளா?" பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். சபீனாவும் விடவில்லை. "நீங்க டிக்கெட்டு குடுத்துட்டுக் காசு வாங்காம இருக்கீகள்ல, அது மாதிரிதான்" என்றாள்.

திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர் என்று எங்கள் கையில் மிஸ் கொடுத்திருந்த போன் காட்டியது. வழியில் கருவேலம், நடுநடுவே உழுது போட்ட கரிசல், மறுபடி கருவேலம். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தண்ணீர் இல்லாத ஒரு கண்மாய்க்குள் பையன்கள் அந்தக் காலையிலேயே ஸ்டம்ப் நட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து கரைமேல் ஏறினால் நாலு போலிருக்கிறது. பஸ் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஃபீல்டிங் நின்ற பதினான்கு பேரில் ஒரு பெண்கூட இல்லை.

8.55க்கு இறங்கினோம். போட்டி நடந்த கல்யாண மண்டபம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏழு நிமிட நடை. டீ பன்னிரண்டு ரூபாய், வடை எட்டு. மண்டபத்தில் கரண்ட் இருந்தது, மின்விசிறி மட்டும் மேடைக்கு மேலே ஒன்றுதான் ஓடியது. ஆகவே மேடைக்குப் போகும் அணியாக இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

ஆறு பள்ளிகள் வந்திருந்தன. கேள்வி கேட்டவர் மன்றத்துச் செயலாளர். வெள்ளைச் சட்டை, கையில் கேள்வி அட்டைக் கட்டு. நேரடிக் கேள்விக்குப் பத்து மதிப்பெண். ஒருவர் விட்ட கேள்வி அடுத்த அணிக்குப் போனால் ஐந்து. பத்து நொடிக்குள் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் கிரிக்கெட் எந்த ஊரில் ஆடப்பட்டது என்ற கேள்வியை அவர் படித்து முடிக்கும் முன்பே சபீனா "பாரிஸ், 1900" என்றாள். முதல் டெஸ்ட் போட்டி மெல்போர்னில், 1877இல் என்று நான் சொன்னேன். முதல் உலகக் கோப்பைக் கால்பந்து உருகுவேயில் என்று சொல்லிவிட்டு, அந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் விட்டார்களே என மூச்சு விட்டேன்.

மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் மன்றத்தாரே கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு இறுதிச் சுற்று. நாங்களும் காரியாபட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றும். அந்த அணியில் பேசியவள் நாகஜோதி. என் வயதுதான். என்னைப் போலவே கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். கடைசிக் கேள்வி வந்தபோது நாங்கள் 85, அவர்கள் 80. கேள்வி அவர்களுக்கு.

"உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டி முதன்முதலில் நடந்த ஆண்டு எது?"

"1973" என்றாள் நாகஜோதி.

"தவறு. அடுத்த அணி?"

இதுதான் நான் சறுக்கிய இடம். பெண்கள் உலகக் கோப்பை 1973இல் இங்கிலாந்தில் நடந்தது. ஆண்களுடையது அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1975இல், அதே இங்கிலாந்தில். என் நோட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன, நானே எழுதியது. கேள்வியில் 'ஆண்கள்' என்ற சொல் இல்லை. அவள் சொன்னதுதான் சரி. பேசாமல் இருந்திருந்தால்கூட நாங்கள் ஜெயித்திருப்போம். ஆனால் அட்டையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "1975" என்றேன்.

"சரியான விடை!" எல்லாரும் கை தட்டினார்கள். சபீனா என் முதுகில் அடித்த அடி இப்போதும் வலிக்கிறது.

கப்பு இரண்டு கைக்கு அடங்கும் உயரம். உச்சியில் மட்டையைத் தூக்கிப் பிடித்த ஒரு பொம்மை. அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியபோது நாகஜோதி வந்து கை கொடுத்தாள். சண்டை போடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நீ எந்தப் புக்குல படிச்ச? நான் தப்பாப் படிச்சிருக்கேன் போல" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே நோட்டைத் திறந்து, 1973 என்று எழுதியிருந்த வரியை அடித்துவிடப் பேனாவை வைத்தாள்.

"அடிக்காத!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, செயலாளரும் திரும்பிப் பார்த்தார். "நீ சொன்னதுதான் சரி. ஒன்ன மாதிரிதான் நானும் எழுதி வச்சிருக்கேன்."

நோட்டைச் செயலாளரிடம் காட்டினேன். அவர் போனில் தேடினார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினார். பிறகு அட்டையைப் பார்த்தார். "ஆண்கள்ங்கிற வார்த்தை விட்டுப்போச்சே" என்றவர் என்னிடம் கேட்டார்: "தெரிஞ்சிக்கிட்டே ஏம்மா 1975ன்னு சொன்ன?"

"கார்டுல அதுதான் இருக்கும்னு தெரியும் சார்."

அவர் மைக்கைப் போட்டு, கேள்வி எழுதியதில் தவறு என்று தாமே அறிவித்தார். அவர்களுக்குப் பத்து கூடி 90. எங்களுக்குக் கொடுத்த ஐந்து கழிந்து 85. கப்பை நானே நாகஜோதி கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "ஒங்க ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைக கிரிக்கெட் வெளாடுவீகளா?" என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்து ரிங்பாலைச் சொன்னேன்.

4.10க்குத் திரும்பும் பஸ். சபீனா பக்கத்தில் உட்கார்ந்து வெளியே கருவேலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

"ஏடி முத்து, அடுத்த தடவ உண்மையச் சொல்றதா இருந்தா அந்தப் பத்து நொடிக்குள்ள சொல்லு. கப்பத் தூக்குன பெறகு சொல்லாத. போட்டோவெல்லாம் எடுத்து எங்க அத்தாவுக்கு துபாய்க்கு அனுப்பிட்டேன். இப்ப என்னன்னு சொல்றது?"

"ஒங்க அப்பாகிட்ட நடந்ததச் சொல்லு."

"நீயே போன் பண்ணிச் சொல்லு. அவுக ஒன்னத்தான் திட்டணும்."

எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலிருந்து விமலா மிஸ் கண்ணை மூடியபடியே, "திங்கக்கெழம ஹெச்.எம்.மைப் பாக்கணும்" என்றார்.

"கப்பு இல்லையே மிஸ்."

"கப்பு கொண்டாந்தா பேசுவோம்னாங்க. கொண்டாராட்டிப் பேசக்கூடாதுன்னா சொன்னாங்க?"

திங்கட்கிழமை போனோம். தலைமையாசிரியை மேசையைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். "எங்க கப்பு?"

"வந்துச்சு மிஸ். காரியாபட்டிக்குப் போயிருச்சு" என்றாள் சபீனா. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கார்டு விஷயம் உட்பட. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஆம்பளைகளுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே பொம்பளைக உலகக் கோப்பை வெளாண்டாச்சா? நெசமா?"

"நெசம் மிஸ்."

"எனக்குத் தெரியாதே." ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "இத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பையனுக வந்து கேட்டா நான் காட்டணும்ல. கிரவுண்டு ஒங்களுக்குப் புதன்கெழம சாயங்காலம் மட்டும். ஒரு மாசம் பாப்போம். ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சா அன்னைக்கே நிறுத்திருவேன்."

போக நினைப்பவர்களுக்கு: 8.15 பஸ்ஸை விடாதீர்கள், அடுத்தது தாமதம். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஓர் ஆளுக்கு நாற்பது ரூபாய் போதும், அதுவும் இரண்டு டீ குடித்தால். கேள்வி அட்டையைப் படிக்கும்போது எந்தச் சொல் இருக்கிறது என்பதோடு எந்தச் சொல் இல்லை என்பதையும் கவனியுங்கள். சரியான பதிலும் அட்டையில் உள்ள பதிலும் வேறு வேறாக இருந்தால் உடனே கையைத் தூக்குங்கள். நான் இருபது நிமிடம் தாமதமாகத் தூக்கினேன். அந்த இருபது நிமிடமும் கப்பு கையிலிருந்தது, ஆனால் எனக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை.

இன்று செவ்வாய். பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். நாளைக்கு ஆடப் போகிறவர்களின் பெயரைச் சபீனா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பதினோரு பேர் வேண்டும், இதுவரை ஒன்பது. வாசலில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். இப்போதுதான் வாயைத் திறந்து, "அக்கா, எனக்கு பௌலிங் மட்டுந்தான் வரும், பரவால்லையா?" என்று கேட்டாள். சபீனா பத்து என்று எண் போட்டு, "பேரச் சொல்லு" என்றாள். அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதும்போது, அறையைப் பூட்ட நேரமாகிவிட்டது என்று லைட்டை அணைத்துவிட்டார்கள்; மீதியைச் சபீனா இருட்டிலேயே எழுதுகிறாள்.