மண்ணூர் கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டுபோன ஸ்வீட் பெட்டி

குன்றத்தூரிலிருந்து மண்ணூருக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டும், எந்த வழி சௌகரியம் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் மண்ணூருக்கு முதன்முதலில் போனது 1991 வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதுவும் கிரகப்பிரவேசத்துக்குத்தான். மொத்தத் தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். போய்ச் சேர எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆனது.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊரே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர்களின் பெயர்களையெல்லாம் போலீஸ் எழுதிக்கொண்டு போனது. யார் வீட்டில் யார் வந்து தங்கினாலும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குப் பயம் என் வீட்டுக்காரரைப் பற்றி. அவர் பெயர் தங்கராஜ். நாகர்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். நான் குன்றத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் பேச்சைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து கிண்டல் செய்வேன். அது நடந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு இலங்கைத் தமிழ் மாதிரி இருக்கிறது என்று கம்பெனியிலேயே ஒருவன் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் எங்களிடம் வாடகை வாங்குகிற வீட்டுக்கார அம்மா, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"செல்வி, தப்பா நெனச்சிக்காத. உங்க வூட்டுக்காரரு பேசறது ஒரு தினுசா கீதே. அவரு நெஜமாலுமே நாகர்கோயிலு தானா?"

"ஐயோ அக்கா, கல்யாணத்துக்கு அவங்க ஊருக்கே போய்ட்டு வந்தனே!" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்படி இருக்கும்போதுதான் முருகேசன் அண்ணன் வீட்டு அழைப்பு வந்தது. அவர் இவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்ப்பவர். மண்ணூரில் சொந்த நிலத்தில் மாடி வீடு கட்டி, மேலே தண்ணீர்த் தொட்டியும் வைத்திருந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனால் தொட்டி வழிந்து புதுச் சுவரெல்லாம் ஊறுகிறது என்பது அவர் கவலை. "தண்ணி ரொம்பிச்சின்னா கத்தற மாதிரி இன்னாவது செஞ்சி குடுப்பா, வேற எதுவும் வாங்கியாராத," என்று இவரிடம் சொல்லியிருந்தார். இவருக்கு இந்த மாதிரி வேலை என்றால் சோறு வேண்டாம். நாலு நாள் என் அடுப்படி மேடையை ஆக்கிரமித்துச் செய்து முடித்தார். நீல நிற சோப்பு டப்பா, அதற்குள் சின்ன பேட்டரி, ஒரு பஸ்ஸர், வெளியே பத்து மீட்டர் நீளத்துக்கு இரண்டு மஞ்சள் ஒயர். இரண்டு ஒயர் நுனியும் தண்ணீரைத் தொட்டால் டப்பா கத்தும். அவ்வளவுதான்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். அவர் அதை அப்படியே துணிப்பையில் போட்டுக் கொண்டுபோகலாம் என்றார். ஒரு விசேஷத்துக்கு சோப்பு டப்பாவோடு போய் நிற்பதா என்று எனக்குக் கௌரவம் இடித்தது. வழியில் யாராவது பார்த்து ஏதாவது கேட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. தீபாவளிக்கு வந்த ஒரு கிலோ மைசூர்பாகு பெட்டி காலியாகப் பரண்மேல் கிடந்தது. அதில் சோப்பு டப்பாவை வைத்து, ஒயரைச் சுருட்டி மேலே வைத்து, பூப்போட்ட கலர் பேப்பர் சுற்றி ரிப்பன் கட்டிவிட்டேன். இன்னொரு பையில் அவர் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து. பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்து உருட்டி மாவில் தோய்த்துப் பொரித்த உருண்டை. எங்கள் பக்கம் அது யாருக்கும் தெரியாது என்பதால் இருபது உருண்டை எடுத்துவைத்தேன்.

கிளம்பும்போது அவரிடம் ஒரு சத்தியமும் வாங்கினேன். மண்ணூர் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

"என்னத்துக்கு இப்படிப் பயப்படுகே? நான் யார் வீட்டுல களவெடுத்தேன்?" என்றார்.

"எதுவா இருந்தாலும் நான் பேசிக்கிறேன். நீங்க சும்மா வந்தா போதும்." அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் தலையாட்டினார்.

காலை எட்டு பத்துக்குக் குன்றத்தூரில் பஸ் ஏறினோம். பூந்தமல்லிக்கு ஏழு கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய். எட்டரைக்கெல்லாம் இறங்கிவிட்டோம். விசேஷ வீட்டில் பந்தி எப்போது போடுவார்களோ என்று பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கடையில் இட்லியும் வடைகறியும் சாப்பிட்டோம். வடைகறி பிரமாதம். சர்வர் இவரைப் பார்த்து, "சாருக்கு இன்னொரு செட்டு?" என்று கேட்டான். இவர் என்னைப் பார்த்தார். நான்தான் வேண்டாம் என்றேன். பசியோடுதான் எழுந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பது இருபதுக்கு ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ் கிடைத்தது. மண்ணூர் போகிறவர்கள் தண்டலம் கூட்டுரோட்டில் இறங்க வேண்டும். பதிமூன்று கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். ஜன்னலோர இடம், காற்று, வலது பக்கம் வயல். செம்பரம்பாக்கம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே தகர டிரம்களும் சவுக்குக் கம்பும். எல்லோரும் இறங்கி, அவரவர் பையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

சோதனை இருக்கும் என்று தெரியும். தெரிந்துமா ரிப்பன் கட்டினாய் என்று கேட்பீர்கள். பேப்பரில் சுற்றிய ஸ்வீட் பெட்டியை யார் பிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் நின்ற கிழவரின் வெற்றிலைப் பெட்டியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது ரவிக்கைக்கு மேலே தெரியுமோ என்று முந்தானையை இழுத்துவிட்டேன்.

பெண் போலீஸ் என் பையைத் திறந்தார். "இது இன்னாம்மா, உருண்ட உருண்டயா?"

"பலகாரம் மேடம். முந்திரிக்கொத்து."

"பேரே கேள்விப்பட்டதில்லியே. எங்க, நீ ஒண்ணு சாப்புடு."

சாப்பிட்டேன். வாயில் எச்சில் இல்லை. வெல்லமும் பயறும் மாவாகத் தொண்டையில் நின்றது. நான் விழுங்கி முடிக்கிறவரை அந்த அம்மா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டில?"

"ஸ்வீட்டு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மணி என்று சொல்லியிருக்கலாம். பேட்டரி, ஒயர் என்ற வார்த்தைகளை அந்த இடத்தில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெட்டி இவர் கையில் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார். எடை அவருக்குச் சரியாகப் படவில்லை போலிருக்கிறது. "இன்னா ஸ்வீட்டுய்யா?" என்று இவரைக் கேட்டார்.

இவர் பேசவில்லை. என்னிடம் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினார்.

"உன்னத்தான் கேக்குறேன். வாயில இன்னா?" அப்போதும் பேசவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "சார், மைசூர்பாகு சார்," என்று நான் குறுக்கே விழுந்தேன். குரல் கீச்சென்று வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியைச் சாலையோரம் கொண்டுபோய்த் தரையில் வைத்து, ரிப்பனை மெதுவாக இழுத்தார். மூடி திறந்தது. மஞ்சள் ஒயர் சுருள் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. வரிசையில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் இவருடைய இரு கைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். பெண் போலீஸ் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். எங்கள் பஸ்ஸை உடனே எடுக்கச் சொன்னார்கள், அது போயே போய்விட்டது. மணி ஒன்பது ஐம்பது.

"ஸ்வீட்டுன்னு சொன்ன? ஸ்வீட்டுல ஒயரு வருமா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் எட்ட நின்று கத்தினார்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "சார், இது தொட்டில தண்ணி நெறஞ்சா சத்தம் போடுகதுக்கு நான் செய்ததாக்கும்."

நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த ஊருய்யா நீ?"

"நாகர்கோவிலுக்குப் பக்கம் சார்."

"நாகர்கோவிலா, இல்ல கடலத் தாண்டியா?"

ஒரு கையை விட்டதும் இவர் கம்பெனி கார்டை எடுத்துக் காட்டினார். கார்டை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்றார்கள். கம்பெனிக்குப் போன் செய்யச் சொன்னோம், ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் சொன்னது இதுதான்: ஜீப் வருகிறது, ஆளைக் கொண்டுபோய் விசாரித்துக்கொள்ளலாம், அந்த அம்மா வீட்டுக்குப் போகட்டும்.

அந்த நாட்களில் விசாரிக்கக் கொண்டுபோனவர்கள் எத்தனை நாள் கழித்து வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று தெருவில் பல கதைகள் உலவின. உண்மை பொய் தெரியாது. எனக்கு எல்லாக் கதையும் அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் வாயைத் திறந்து தான் யாரென்று சொல்லச் சொல்ல அது அவருக்கே வினையாகும். முக்கால் மணி நேரம் போயிருக்கும். தூரத்தில் எந்த வண்டி தெரிந்தாலும் ஜீப்போ என்று பார்த்தேன். கடைசியில் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள்.

"சார், இங்கியே சத்தம் வர வெச்சிக் காட்டுவாரு சார். ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. அது கத்தலைன்னா எங்க ரெண்டு பேரையுமே இட்டுகினு போங்க."

வயதான ஏட்டு ஒருவர் எட்டிப் பார்த்து, "காலிங் பெல்லாட்டம் தான் கீது சார்," என்று முனகினார். சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கப் புளியமரத்தைக் காட்டி, அங்கே போய்ச் செய்யச் சொன்னார். டீக்கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. மரத்தடியில் வேர் புடைத்திருந்தது, டம்ளர் நிற்கவில்லை. இவருக்கு ஒரு கையில் டப்பா, ஒரு கையில் ஒயர். யாராவது டம்ளரைப் பிடிக்க வேண்டும். போலீஸ்காரர்கள் யாரும் அசையவில்லை.

"நீ புடிம்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பிடித்தேன். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். ஏட்டுகூடப் போய்விட்டார். அவ்வளவு பெரிய சாலையோரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் மஞ்சள் ஒயர்களின் நுனிகளை ஒன்றையொன்று தொடாமல் பிடித்து, டம்ளருக்குள் இறக்கினார்.

டப்பா கீ என்று கத்தியது. ஒயரை வெளியே எடுத்தார், நின்றது. மறுபடி விட்டார், கத்தியது. யாரோ ஒரு போலீஸ்காரர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவர் நெற்றியிலும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பெயர், விலாசம், முருகேசன் அண்ணன் விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு, பதினொன்று இருபத்தைந்துக்கு அனுப்பினார்கள். பெட்டியையும் கொடுத்தார்கள். பேப்பரை அங்கேயே எறிந்தேன்.

அடுத்த பஸ்ஸில் ஏறித் தண்டலத்தில் இறங்கி, உச்சி வெயிலில் ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். மண்ணூரில் நுழையும்போது மணி பன்னிரண்டு நாற்பது. முருகேசன் அண்ணன் ஓடிவந்து, "இன்னாப்பா, இவ்ளோ லேட்டு? பால் காச்சி எந்நேரம் ஆச்சி!" என்றார். கடைசிப் பந்தி. சாம்பார், வாழைக்காய் பொரியல், அவியல் என்று பெயர் வைத்த ஒரு கூட்டு, பால் பாயசம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இவர் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்க் கருவியை மாட்டினார். மூன்று மணிக்குத் தொட்டி நிறைந்து அது கத்தியபோது, எல்லோரும் கைதட்டினார்கள். நான் பக்கத்திலிருந்த பெண்ணின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டேன்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். இப்போதும் தண்டலம் வழிதான் நல்லது. கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஓடும் காலை ஆறு முதல் எட்டு வரை அந்தச் சாலையில் போகாதீர்கள், ஊர்ந்துதான் போவீர்கள். கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ கிடைக்கும், நடக்க வேண்டாம். பூந்தமல்லியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், கூட வருகிறவருக்கு இன்னொரு செட் இட்லி வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். பையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், இருப்பதைச் சொல்லுங்கள்.

அன்று திரும்பி வரும்போது தண்டலத்தில் ஐந்து மணி பஸ் கிடைத்தது. செக்போஸ்ட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள், எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பஸ் ஏறியதிலிருந்து இவர் வாயைத் திறக்கவில்லை. பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். "இனிமே ஒண்ணும் ஆவாது. நீங்க பேசுங்க," என்றேன்.

வெளியே பார்த்துக்கொண்டே, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "நாலு நாளும் அடுப்பு பக்கத்துல நீ பாத்துக்கிட்டு இருக்கும்போதுதானே செய்தேன். ஒயரை விடும்போது நீ என்னத்துக்குக் கண்ணை மூடினே?"

வெயில் என்று சொன்னேன். நாங்கள் நின்றது மர நிழலில்.